கூடுதலாக ஓடிய பழைய ஹைபிரிட் கார்கள்: ப்ரியஸா, அக்குவாவா, ஃபிட்டா?

2025 ஏப்ரல் 6 (வாசகி ஒருவரின் கேள்வி)

வெள்ளவத்தையில் வசிக்கிறோம். நான் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் ஓடுவதற்கும், ஆண்டில் இரண்டொரு தடவை யாழ்ப்பாணம் போய் வருவதற்கும் ஒரு கார் தேவை. மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2010 டொயோட்டா ப்ரியஸ், மீற்றரில் 214,000 கிலோமீற்றர். இரண்டாவது 2012 டொயோட்டா அக்குவா, 168,000. மூன்றாவது 2014 ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், 92,000. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைவாக ஓடியதையே வாங்க வேண்டும் என்று என் கணவரும் அவருடைய அண்ணாவும் சொல்கிறார்கள். இரண்டு இலட்சம் தாண்டிய ப்ரியஸைப் பார்க்கவே போகத் தேவையில்லை என்பது வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சரிதானே?

2025 ஏப்ரல் 6, இரவு

சரியில்லை. பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய ஹைபிரிட் காரில் மீற்றர் எண் நான்காவது அல்லது ஐந்தாவது கேள்வி. முதற் கேள்வி, அந்தக் காரில் அடுத்துப் பழுதாகப் போவது எது என்பது. இரண்டாவது கேள்வி, அதைக் கொழும்பில் யாரால், எந்தப் பொருளைக் கொண்டு திருத்த முடியும் என்பது. நீங்கள் எழுதிய மூன்று கார்களுக்கும் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகள் வெவ்வேறானவை. நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை ஒருவருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

2025 ஏப்ரல் 7

மூன்றையும் ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருக்கும் பொறிமுறை ஒன்றல்ல.

ப்ரியஸிலும் அக்குவாவிலும் இருப்பது டொயோட்டாவின் கோள்பற்சக்கர அமைப்பு. என்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரே பற்சக்கரத் தொகுதி இணைத்து வைத்திருக்கிறது. அதில் கிளட்ச் இல்லை, வழக்கமான சி.வி.ரி. (கியர்ப் படிகள் இல்லாத தானியங்கி) கியர்பொக்ஸில் உள்ள உருக்குப் பட்டி இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஒல்டர்னேற்றரும் இல்லை. தேய்ந்து போகக்கூடிய பாகங்களைக் குறைத்துக் கட்டப்பட்ட பொறி என்பதால், அந்தக் கியர்பொக்ஸ் பழுதாகிக் காரை ஓரங்கட்டிய ஒருவரை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட்டில் ஹொண்டா ஏழு கியர்களும் இரட்டைக் கிளட்சும் கொண்ட அமைப்பை வைத்தது. திறந்த பாதையில் அது மிகவும் உயிர்ப்பான கார். ஓட்டிப் பார்த்தால் மூன்றில் அதுதான் பிடிக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் இருப்பது எண்ணெயில் மூழ்கியிராத உலர் கிளட்ச். பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மாலை நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது அந்தக் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் சூடேறுகிறது. சிலருக்கு வெப்ப எச்சரிக்கை திரையில் வருகிறது. அந்த மாதிரி வெளிவந்து ஓராண்டு சொச்சத்துக்குள், 2014 ஒக்ரோபருக்குள், ஹொண்டா அதை ஜப்பானில் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. பெரும்பாலானவை இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சார்ந்தவை. ஆகவே அந்தக் காரின் சேசி இலக்கத்துக்குத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.

உங்கள் அன்றாடப் பாதை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை. காலி வீதி, கோட்டை, ஆமர் வீதி ஆகிய மூன்றையும் பாடசாலை நேரத்தில் கடக்கும் பாதை அது. கிளட்ச் உள்ள ஹைபிரிட்டுக்கு இதைவிடப் பொல்லாத பாதையைத் தேடி எடுப்பது கடினம்.

2025 ஏப்ரல் 7, பிற்பகல்

சுருக்கமாக வரிசையைக் கேட்கிறீர்கள். இன்றைய நிலையில் அக்குவா, ப்ரியஸ், ஃபிட். நேரில் பார்த்த பிறகு இது மாறலாம்.

2025 ஏப்ரல் 9

வத்தளையிலிருந்து எழுதியவர், 92,000 கிலோமீற்றர் ஓடிய காரை விட்டு 214,000 ஓடியதைப் பற்றிப் பேசுவது விசித்திரமாக இருக்கிறது என்கிறார். எண்ணை நம்புவதானால் விசித்திரம்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்போம்.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த காருக்கு, அங்கே ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதிய ஏலத் தாள் ஒன்று இருக்கும். அதில் தரப் புள்ளியும் ஓடிய தூரமும் கீறல், பள்ளம், வண்ணம் மாற்றிய இடம் ஆகியவையும் குறிக்கப்பட்டிருக்கும். ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்கும்போது ஜப்பானில் வழங்கப்படும் சான்றிதழிலும் முன்னைய வாகனப் பரிசோதனையின்போது பதிவான மீற்றர் எண் இருக்கும். சேசி இலக்கத்தைக் கொடுத்தால் ஏலத் தாளைத் தேடித் தரும் கட்டணச் சேவைகள் உள்ளன. விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். நகல்களும் நம்மூரில் நன்றாகத் தயாராகின்றன.

இந்த ஃபிட்டின் ஏலத் தாளைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். அது இங்கே பதிவான ஆண்டு 2016 என்று எழுதியிருந்தீர்கள். வரும்போதே 40,000 ஓடியிருந்தது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் கொழும்பில் 52,000தான் ஓடியிருக்க வேண்டும். நாளுக்கு 16 கிலோமீற்றரும் வராது. நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன். நடந்திருந்தாலும் அது அந்தக் காருக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

விளம்பரத்தில் ‘பெண் வைத்தியர் பாவித்தது’ என்று இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் பெண் வைத்தியர்களே ஓட்டியிருந்தால் வெளிநோயாளர் பிரிவில் வரிசை இவ்வளவு நீண்டிருப்பதற்கான காரணம் இப்போது புரிகிறது.

2025 ஏப்ரல் 10

பற்றரியைப் பற்றி. எல்லோருக்கும் பயம் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2010 ப்ரியஸின் உயர் மின்னழுத்தப் பற்றரி நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையைச் சேர்ந்தது. 28 மொடியூல்கள் (தனித்தனியாகக் கழற்றக்கூடிய சிறு பற்றரித் துண்டுகள்); ஒவ்வொன்றிலும் ஆறு செல்கள்; ஒரு மொடியூலுக்கு 7.2 வோல்ற், மொத்தம் 201.6 வோல்ற். அக்குவாவில் அதே வகை மொடியூல்கள் 20, மொத்தம் 144 வோல்ற். ப்ரியஸில் பற்றரி பின் இருக்கைக்குப் பின்னால், பொதிகள் வைக்கும் தளத்தின் கீழ் இருக்கிறது. அக்குவாவில் பின் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது. ஃபிட்டில் லித்தியம் அயன் பற்றரி, 172.8 வோல்ற். அது எடை குறைந்தது, திறமானது. ஆனால் பஞ்சிகாவத்தையில் டொயோட்டாவின் மொடியூல்கள் அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் இதற்கான பொருள் அதே இலகுவில் கிடைப்பதில்லை.

தூரம் இந்தப் பற்றரியைக் கொல்வதில்லை. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 2011இல், இரண்டு இலட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002 ப்ரியஸ் ஒன்றை எடுத்து, அந்த மாதிரி புதிதாக இருந்தபோது செய்த சோதனைகளையே மறுபடி செய்து பார்த்தது. எரிபொருள் சிக்கனத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. அந்தக் கார் ஓடிய தூரம் 320,000 கிலோமீற்றருக்கு மேல், பற்றரியும் மாற்றப்படாதது.

கொல்வது வெப்பமும் வயதும். பற்றரியைக் குளிரவைக்க ஒரு சிறு மின்விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று நுழையும் துளைத்தட்டு பின் இருக்கையின் ஓரமாக இருப்பதால் தூசியும் தலைமுடியும் சேலை நூலும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. நான் முன்பு வைத்திருந்த 2011 ப்ரியஸில் கடுகண்ணாவை ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேராதனையில் ஒரு மெக்கானிக் விசிறியைக் கழற்றிக் காட்டினார். காற்று போக வழியே இல்லாதபடி கம்பளி விரித்தாற்போல் இருந்தது. துப்புரவு செய்த பிறகு அதே பற்றரியோடு மேலும் சில ஆண்டுகள் ஓடினேன். வாங்கியபோது இந்த விசிறியைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை; விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

2025 ஏப்ரல் 10, இரவு

மேலே சொன்ன சோதனையை வைத்து ஒரேயடியாக நிம்மதி அடைய வேண்டாம். அந்தக் காருக்கு அப்போது வயது ஒன்பது. நீங்கள் பார்க்கும் ப்ரியஸுக்கு வயது பதினைந்து, அதில் பெரும்பகுதி இந்த ஊர் வெயிலில். தூரத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று காட்டத்தான் அந்த உதாரணம். வயதுக்கு அதில் விடை இல்லை. பதினைந்து வயதில் தொழிற்சாலைப் பற்றரியே இன்னும் இருக்கிறது என்றால், அதற்கான செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

2025 ஏப்ரல் 12

குறைவாக ஓடிய கார் பற்றி விட்ட இடத்திலிருந்து. 2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் கொழும்பில் எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அதற்கு முன்னைய சில வாரங்களில் அதுவும் இல்லை. நிக்கல் வகைப் பற்றரி நிற்கும்போது தானாகவே மின்னேற்றத்தை இழக்கிறது. எல்லாச் செல்களும் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. சில செல்கள் பின்தங்கிவிட, அடுத்த தடவை ஓட்டும்போது பலவீனமானவை முதலில் சூடேறுகின்றன. அந்தக் காலத்திலும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த 200,000 கிலோமீற்றர்ப் ப்ரியஸின் பற்றரி, போர்வை போட்டுக் கராஜுக்குள் நின்ற 80,000 கிலோமீற்றர்க் காரின் பற்றரியைவிடச் சமநிலையில் இருப்பதை நான் ஸ்கேனரில் பார்த்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் கேட்கும் ‘எவ்வளவு ஓடியது?’ என்பதோடு ‘எவ்வளவு காலம் நின்றது?’ என்பதையும் கேளுங்கள்.

2025 ஏப்ரல் 13

நாளை புத்தாண்டு. வெள்ளவத்தைக்காரர்கள் இன்று காரைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் கொடுத்த முற்பணத்தையும் திருப்பித் தரமாட்டார்கள்.

2025 ஏப்ரல் 19

நேரில் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவற்றைக் கேட்டிருக்கிறீர்கள்.

காலையில் போங்கள். விற்பவருக்கு நேரத்தை முன்கூட்டியே சொல்லி, வரும்வரை காரை இயக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போனவுடன் போனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் புறப்படுங்கள்.

ஏனென்றால் மூன்றாந் தலைமுறைப் ப்ரியஸின் (நீங்கள் பார்க்கும் 2010 கார் அதுதான்) பெரிய நோய் குளிர்ந்த என்ஜின் முதன்முதல் இயங்கும் அந்தச் சில வினாடிகளில்தான் வெளிப்படுகிறது. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பு அதில் உண்டு. ஆண்டுகள் போகப் போக அதன் கூலர் கரியால் அடைபடுகிறது. திரும்பி வரும் புகை குறைந்தும் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஏற்றத்தாழ்வாகவும் போக, எரிப்பறையின் வெப்பம் ஏறி, காலப்போக்கில் ஹெட் காஸ்கெட் (என்ஜினின் மேற்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) விட்டுவிடுகிறது. இரவில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிறிதளவு சிலிண்டருக்குள் கசிந்திருந்தால், காலையில் என்ஜின் இயங்கத் தொடங்கும்போது கார் முழுவதும் உதறும்; கற்கள் நிறைந்த தகரத்தை ஆட்டியது போன்ற சத்தமும் வரும். அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும், அதனால்தான் சூடான காரைக் காட்டுகிறார்கள். கூலன்ட் தொட்டியின் மட்டத்தையும் பாருங்கள். ஈ.ஜி.ஆர். எப்போதாவது கழற்றித் துப்புரவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விற்பவர் உடனே பதில் சொன்னால் அவர் காரைக் கவனித்த ஆள்.

அடுத்தது பிறேக். ப்ரியஸை இயங்கு நிலையில் வைத்துவிட்டு, ஏ.சி.யையும் வானொலியையும் நிறுத்திக் காது கொடுங்கள். பிறேக் அழுத்தத்தைச் சேமிக்கும் பம்ப் சிறிது நேரம் முனகிவிட்டு ஓய்வது இயல்பு. பெடலைத் தொடாமலே அது சில வினாடிகளுக்கு ஒரு தடவை முனகினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அந்தத் தொகுதி விலை கூடியது. அமெரிக்காவில் டொயோட்டா இதற்கான உத்தரவாதக் காலத்தை நீடித்துக் கொடுத்தது. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் கொழும்புக்கு வந்து சேர்ந்த காருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவதாக ஸ்கேனர். பொதுவான எச்சரிக்கைக் குறியீடுகளை மட்டும் வாசித்துவிட்டு ‘சுத்தம்’ என்று சொல்லும் கராஜ் போதாது. நேற்று இரவே அவற்றை அழித்திருக்கலாம். ப்ரியஸில் பற்றரியின் 14 சோடிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகத் திரையில் வைத்துக்கொண்டு, ஒரு ஏற்றத்தில் முழுப் பெடல் கொடுத்தும் பின் இறக்கத்தில் விட்டும் ஓட்ட வேண்டும். எல்லாச் சோடிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக விழுந்து வேகமாக ஏறினால், பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற குறியீடு தூரத்தில் இல்லை. இதற்கான கைப்பேசிச் செயலிகளும் உண்டு. தெஹிவளையில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். களுபோவிலைப் பக்கம் ஒன்று இருக்கிறது.

சிறிய 12 வோல்ற் பற்றரியையும் அளந்து பாருங்கள். அது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கைகள் எரியும். அந்தப் பயத்தில் நல்ல காரைக் குறைந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு, விற்கவைத்தவர்களும் உண்டு.

2025 ஏப்ரல் 20

மறந்தது: 2014 பெப்ரவரியில் டொயோட்டா மூன்றாந் தலைமுறைப் ப்ரியஸ்களை, உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 19 இலட்சம் கார்களை, இன்வேர்ட்டரின் (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்) மென்பொருளுக்காகத் திரும்ப அழைத்தது. 2010 கார் அதற்குள் அடங்கும். ஜப்பானில் இருக்கும்போதே செய்யப்பட்டிருக்கலாம். சேசி இலக்கத்தைக் கொண்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 27

ஃபிட் கழிந்தது. ஏலத் தாளில் 2016இலேயே 71,000 என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளில் 21,000 கிலோமீற்றர்! அந்த வைத்தியர் வீட்டிலிருந்து வாசல் வரைதான் ஓட்டியிருக்க வேண்டும். மீற்றரைத் திருப்பினார்களா, காரை நிறுத்தி வைத்தார்களா என்று ஆராய்வதில் பயனில்லை, இரண்டுமே வேண்டாம்.

ப்ரியஸ் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். குளிர்ந்த நிலையில் உதறல் இல்லை, ஈ.ஜி.ஆர். துப்புரவு செய்த பற்றுச்சீட்டு உண்டு, 2021இல் புதிய பற்றரி போட்டதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஆனால் பிறேக் பம்ப் அடிக்கடி முனகுகிறது. அக்குவாவில் எல்லாம் அமைதி, பற்றரி மட்டும் ‘செல் மாற்றியது’.

இப்போது என் வரிசை மாறுகிறது. ப்ரியஸ் முதலில், அக்குவா இரண்டாவது. பிறேக் தொகுதி ஒரு தடவைச் செலவு, மாற்றினால் முடிந்தது. செல் மாற்றிய பற்றரி அப்படியல்ல. செத்த இரண்டு மொடியூல்களை எடுத்துவிட்டு, வேறொரு பழைய காரிலிருந்து கழற்றிய இரண்டை வைத்து மூடியிருப்பார்கள். மீதி 18உம் அதே வயது, அதே சோர்வு. புதிதாக வந்த இரண்டும் அவற்றோடு ஒத்துப்போவதில்லை. சில மாதங்களில் மூன்றாவது போகும், பிறகு நான்காவது. ஒவ்வொரு தடவையும் கூலி, ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் கார் இல்லை. சீரமைத்த பற்றரிக்கு ஆறு மாத உத்தரவாதம் என்றால் ஏன் ஆறு மாதம் என்று யோசியுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் இல்லாததால், இந்தப் பற்றரி முழுவதும் படுத்துவிட்டால் பெற்றோல் நிறைந்திருந்தாலும் என்ஜின் இயங்காது. மாங்குளத்தில் இரவு எட்டு மணிக்கு இது நடந்தால் என்ன செய்வதென்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2025 மே 3

அக்குவாவுக்கு இன்னுமொரு பரிசோதனை. 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை கரைகடந்து கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பகுதிகளில் கார்கள் நீருக்குள் நின்றன. அக்குவாவின் பற்றரி பின் இருக்கையின் அடியில் இருப்பதால், இருக்கை உயரத்துக்கு வராத நீரும் அதைத் தொட்டுவிடும். பின் இருக்கையைத் தூக்கி, பற்றரி மூடியின் திருகாணிகளிலும் செம்மஞ்சள் நிறக் கேபிளின் இணைப்பிலும் துருவோ சேறோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கேபிளைக் கையால் தொட வேண்டாம். இருக்கைப் பட்டியை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை விற்பவர்கள் கழுவுவதில்லை.

வெள்ளம் காணாத காருக்கும் உங்கள் பகுதியில் உப்புக்காற்று உண்டு. மரைன் டிரைவில் நின்ற ஒரு காரின் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பூத்துப்போயிருந்ததைக் கண்டிருக்கிறேன். பற்றரி செத்துவிட்டது என்று ஒரு கராஜில் சொல்லப்பட்ட கார் அது. தகடுகளைத் தேய்த்துத் திரும்பப் பூட்டியதும் எச்சரிக்கை போய்விட்டது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. இருந்தாலும் புதிய பற்றரிக்குப் பணம் கட்டும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

2025 மே 4

நீர்கொழும்பிலிருந்து ஒருவர் அடிப்படைக் கேள்வியையே கேட்டுவிட்டார்: மாதம் 700 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஹைபிரிட் எதற்கு?

கணக்குப் பார்ப்போம். 2025 மே விலையில் பெற்றோல் லீற்றர் ஏறக்குறைய 300 ரூபா. அக்குவா காகிதத்தில் 35.4 கிலோமீற்றர் கொடுக்கும் கார். கொழும்பு நெரிசலில் ஏ.சி.யோடு 18 கிடைத்தால் நான் திருப்தி அடைவேன். 700க்கு 39 லீற்றர். சாதாரண 1500 சிசி கார் 10 கொடுத்தால் 70 லீற்றர். வித்தியாசம் 31 லீற்றர், மாதம் 9,300 ரூபா, ஆண்டுக்கு 111,600. ஆனால் ஒப்பிட வேண்டியது 1500 சிசி காரோடு அல்ல என்பது அவருடைய வாதம். 1000 சிசி டொயோட்டா விட்ஸ் 12.5 கொடுத்தால் 56 லீற்றர். அப்போது மாத வித்தியாசம் 17 லீற்றர், 5,100 ரூபாதான். ஆண்டுக்கு அறுபதாயிரத்தை ஒட்டிய சேமிப்பில் புதிய பற்றரியின் விலையை எடுக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகருக்குள் மட்டும் ஓடும் ஒருவருக்கு நல்ல நிலையில் உள்ள விட்ஸ் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். நீங்கள் குடும்பத்தோடும் பொதிகளோடும் யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர் போகப் போகிறீர்கள், விட்ஸில் அது ஒரு தண்டனை. ஆகவே கடைசியாகச் சொன்ன வரிசையே இருக்கட்டும். ஆனால் எரிபொருள் மிச்சத்தை மட்டும் நினைத்து இந்த இழையை வாசிப்பவர்கள் மாதம் 1,500 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடுகிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

2025 மே 5

இறக்குமதி திறந்துவிட்டதே, பழைய கார்களின் விலை விழும்வரை காத்திருக்கலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் மூடிய கதவு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. வரும் கார்கள் புதியவை, அல்லது மூன்று வயதுக்கு உட்பட்டவை. வரியோடு சேர்த்து அவை இந்த வாசகியின் பணப்பைக்கு அருகில்கூட இல்லை. காத்திருக்கக் காரணம் இருப்பவர்கள் காத்திருக்கட்டும். பாடசாலைக்குத் தினமும் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணமும் செலவுதான்.

2025 மே 17

ப்ரியஸ்காரர் பிறேக்குக்காக ஒரு ரூபாயும் குறைக்கமாட்டேன் என்றாராம். அதற்கிடையில் இன்னொரு விடயம் கிளம்பியிருக்கிறது: உங்கள் தொடர்மாடியில் கிடைத்திருக்கும் தரிப்பிடம் இரண்டு தூண்களுக்கிடையே. ப்ரியஸ் நீளம் 4.46 மீற்றர், அகலம் 1.745. அக்குவா 3.995க்கு 1.695. தூண்களை அளந்து பார்த்தால் ப்ரியஸை உள்ளே விடலாம், கதவைத் திறக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நாள் ஈ.ஜி.ஆர்., இன்வேர்ட்டர் என்று எழுதிக்கொண்டிருந்தோம். அளவுநாடாவை முதல் நாளே எடுக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, இங்கே எழுதிய வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே அக்குவா. செல் மாற்றிய பற்றரி இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்து, புதிய பற்றரியின் முழு விலையையும் குறைக்கக் கேளுங்கள். பாதிக்கு இறங்கி வருவார்கள். பாதிக்கும் குறைவென்றால் எழுந்துவிடுங்கள். கொழும்பில் அக்குவாவுக்குப் பஞ்சமில்லை. ஒன்று போனால் அடுத்த தெருவில் இன்னொன்று நிற்கும்.

2025 ஜூன் 1

வாங்கிவிட்டீர்கள், பாதிக்குச் சற்று மேலாகவும் குறைத்திருக்கிறார்கள். நல்லது. நான் என்றால் தரிப்பிடத்தை மாற்றிக்கொண்டு அந்தப் ப்ரியஸை எடுத்திருப்பேன், ஆனால் தினமும் தூணோடு மல்லுக்கட்டப் போவது நான் இல்லை.

பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால், அது நீக்கப்பட்டதற்கான கடிதத்தை வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உரிமை மாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். முன்னைய உரிமையாளர் வெளிநாடு போய்விட்டால் நாரஹேன்பிட்டவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடப்பது நீங்கள்தான்.

2025 ஜூன் 8

புதிய பற்றரி போட்ட பிறகு செய்ய வேண்டியவை. விசிறியையும் காற்றுக் குழாயையும் அதே நாளில் துப்புரவு செய்விக்க வேண்டும். பழைய பற்றரி எதனால் செத்ததோ அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டுகிறார்கள். பின் இருக்கையின் ஓரத்தில் பாடசாலைப் பை, குடை, அப்பியாசக் கொப்பிக் கட்டு எதையும் சாய்த்து வைக்க வேண்டாம். வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கண்ணாடிகளைச் சற்று இறக்கி வெக்கையை வெளியேற்றுங்கள், பற்றரி இழுப்பதும் அதே காற்றைத்தான். என்ஜின் கூலன்ட் 160,000 கிலோமீற்றரில் மாற்றப்பட வேண்டியது. செய்ததற்கான பற்றுச்சீட்டு இல்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். கியர்பொக்ஸ் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சொல்வார்கள். காரின் ஆயுளா, உத்தரவாதத்தின் ஆயுளா என்று தெரியாததால் நான் மாற்றிவிடுவேன்.

2025 ஜூன் 22

புகைப் பரிசோதனைக்குப் போன இடத்தில் என்ஜின் தானாக நின்று நின்று போனதால் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ஜினைத் தொடர்ந்து இயங்கவைக்கும் பராமரிப்பு நிலை ஒன்று உண்டு. பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் ‘பி’ நிலையில் ஆக்சிலேற்றரை இரண்டு தடவை முழுமையாக மிதித்து, ‘என்’ நிலையில் இரண்டு தடவை, மறுபடி ‘பி’ நிலையில் இரண்டு தடவை மிதித்துவிட்டு, பிறேக்கை மிதித்துக்கொண்டு இயக்குங்கள். அணைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் வீதியில் ஓட்ட வேண்டாம்.

2025 ஜூன் 22, இரவு

ஏ.சி. குளிர் குறைந்திருக்கிறது, பக்கத்துக் கடையில் காஸ் அடிக்கலாமா என்ற கேள்விக்கு: கடைக்காரரிடம் எந்த எண்ணெய் பாவிப்பார் என்று முதலில் கேளுங்கள். இந்தக் காரின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத என்.டி.-11 எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரணக் கார்களுக்குப் போடும் எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெட்டு பி0ஏஏ6 குறியீடு வரும். பிறகு அந்த எண்ணெயை முழுவதும் வெளியேற்றவும் முடியாது, கொம்பிரசரையே மாற்றச் சொல்வார்கள். காஸ் அடிக்கும் இயந்திரத்தின் குழாய்களில் முந்திய காரின் எண்ணெய் தங்கியிருந்தாலும் இது நடக்கும், ஆகவே ஹைபிரிட்டுக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். அதற்கும் முன்னால் ஏ.சி.யின் கபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பாதிப் பேருக்குக் குளிர் குறைவதற்குக் காரணம் அதுதான்.